என் வாசலில் தொங்கிய உங்கள் நட்சத்திரம்

அக்கா,

இன்று தேயிலை எடை போட்டுவிட்டு மேடேறி வரும்போது, கீழ் லைன் வீடுகளில் யாரோ அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். தேங்காய்ப்பால் மாவு எண்ணெயில் விழும் வாசனை. கால் தானாக நின்றுவிட்டது. டிசம்பர் பிறந்தால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரைத் தாண்டி வரும் வாசனை அது. மழைக்காலத்தில் நீங்கள் இறந்துபோனதிலிருந்து உங்கள் வீடு பூட்டியே கிடக்கிறது. நான் நின்றதற்குத் துக்கம் மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். அதற்கு மேல் ஏற உடம்பில் தெம்பும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்த வருடம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பகலெல்லாம் கொழுந்து பறிப்பேன். வீட்டுக்கு வந்தால் அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டவேண்டும். இரவில் முனகினால் காதில் விழாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கண் மூடாது. மாரியம்மன் கோயில் கூப்பிடு தூரம்தான், அங்கே போய் ஒரு கும்பிடு போட்டுவர வழியில்லை. சாமியே என்னை மறந்திருக்கும் என்று உங்களிடம் அழுதேன். நீங்கள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அழுது முடிச்சுட்டுச் சாப்பிடு" என்று முறுக்குத் தட்டை நீட்டினீர்கள்.

அந்த டிசம்பரில் உங்கள் வீட்டு பிளக் பாயின்ட் எரிந்துபோயிருந்தது. அதனால் கிறிஸ்துமஸ் காகித நட்சத்திரத்தை என் வாசலில் கட்டி, என் வீட்டிலிருந்தே ஒயர் இழுத்தீர்கள். லைன் வீடுகளில் எல்லாக் கதவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பண்டிகைக்கு முந்தின நாள், இருட்டில் காட்டு யானை இறங்குவதற்குள் சுற்றி முடிக்கவேண்டும் என்று, வீடு வீடாகப் பாடிவரும் கேரல் குழு சாயங்காலமே வந்துவிட்டது. சர்ச்சுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த உபதேசியார் நட்சத்திரத்தைப் பார்த்து என் வாசலில் நின்றார், பாட்டையும் ஆரம்பித்துவிட்டார். நெற்றியில் குங்குமத்தோடும் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடும் நான் விழித்தேன். கூட வந்த உள்ளூர் ஆட்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்கள் கதவுப் பக்கம் பார்த்தேன். பாடட்டும் விடு என்று கையால் சாடை காட்டினீர்கள்.

பாடி முடித்ததும் அவர், "எதுக்காக ஜெபிக்கட்டுங்கம்மா?" என்று கேட்டார்.

"தூக்கம் வரணும்னு கேளுங்கய்யா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

கொஞ்சம் திகைத்தார். ஆனாலும் சிரிக்காமல் அதற்கே ஜெபித்தார். ஆமென் சொன்னதில் உங்கள் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

இருட்டியதும் நீங்கள் வந்து, "எங்க ஊட்ல போய்ப் படு, கொஞ்ச நேரம் நான் பார்த்துக்கறேன்" என்றீர்கள். நான் விழித்தபோது வெயில் ஜன்னலில் ஏறியிருந்தது. பதறி ஓடிவந்தால், அவர் கட்டிலருகே நீங்கள் புதுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். விடியற்கால ஆராதனைக்கு ஆட்களை ஏற்ற வந்த ஜீப், ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். அதை விட்டால் சர்ச்சுக்குப் போக வேறு வண்டி கிடையாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"நல்ல நாளும் அதுவுமா, என்னை எழுப்பியிருக்கக் கூடாதாக்கா?"

"தூக்கம் குடுங்கன்னு ஆண்டவர்கிட்ட கேட்டுட்டு, நானே வந்து எழுப்புவனா? ஆராதனை இங்கயே முடிஞ்சுது புள்ள. உன் வீட்டுக்காரர்தான் சபை. பாதியில தூங்கிட்டாரு."

அவர் இப்போதும் அப்படியேதான் இருக்கிறார், அக்கா. எனக்குத்தான் முட்டி தேய்ந்துவிட்டது. தூக்கமும் மறுபடி சரியாக வருவதில்லை. சமாதானம், நிம்மதி என்று இந்த மாதம் எல்லோரும் பேசுகிறார்கள். அது என் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? உங்கள்மேல் கோபமும் இருக்கிறது. சுவரைத் தட்டினால் என்ன என்று கேட்க ஆளில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

ஆனால் அந்தக் காலையில் உங்கள் முகத்தில் எதையும் தவறவிட்ட குறை இல்லை. சர்ச்சுக்குப் போய்த் திரும்பி வந்தவர் முகமாகத்தான் இருந்தது. அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் அந்த முகம் எனக்கு வருகிறது. கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று நான் அழுவதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. வேலை முடிந்ததும் அவர் கால்மாட்டில் உட்காருகிறேன். அங்கேயே கும்பிட்டுக்கொள்கிறேன்.