வரிசையில் முதல் வண்டி

சாண்ட்நெஷேன் அருகே
செவ்வாய் இரவு, அக்டோபர் 1986

அன்புள்ள அம்மா,

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அப்பா முன்சீட்டில் தூங்குகிறார். தாள் சரசரத்தால் விழித்துக்கொள்வார், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணல்.

ஞாயிற்றுக்கிழமையே என்னை உன்னிடம் விட்டிருக்க வேண்டும். அப்பாவோடு இருக்க வேண்டிய விடுமுறை முடிந்துவிட்டது. நாங்களோ இன்னும் கடலோரமாக வடக்கே போகிறோம். "எப்பப்பா வீட்டுக்கு?" என்றால், "போயிட்டுத்தானே இருக்கோம்" என்கிறார். உனக்கு போன் செய்ய விடமாட்டேன் என்கிறார்.

இன்று மழை விட்டு ஏழு சகோதரிகள் மலை முழுதாகத் தெரிந்தது. உச்சிகளில் புதுப்பனி. "எண்ணிப் பாரு குட்டி, ஏழு பொண்ணுங்க. ஒருத்தியாவது அப்பாவ விட்டுட்டுப் போனாளா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கதைப்படி அவர்கள் தப்பி ஓடும்போதுதான் கல்லானார்கள் என்று நான் சொல்லவில்லை.

வண்டிகளை ஏற்றிப்போகும் ஒவ்வொரு படகுத்துறைக்கும் வெகு முன்பே போய் வரிசையில் முதலாவதாக நிற்கிறார். படகிலிருந்து அக்கரை தெரிந்ததும் கீழே வண்டித் தளத்துக்கு ஓடி எஞ்சினைப் போட்டுவிடுகிறார். "பின்னாடி நிக்கிறவங்களுக்கு நம்மால லேட்டாகக் கூடாது."

அம்மா, நான் படுக்கும் பக்கத்துக் கதவில் உள்கைப்பிடி இல்லை. உடைந்துவிட்டது என்றார். அதை அவர் கோட்டுப் பையில் பார்த்தேன்.

உன் தோருன்


கில்போகாம்ன் படகுத்துறை
வியாழன் இரவு

அன்புள்ள அம்மா,

முதல் கடிதத்தை, தோழிக்கு வாழ்த்து என்று சொல்லித் தபாலில் போட்டேன். வந்ததா?

புயலால் இரண்டு நாளாகப் படகு இல்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் எங்கள் வண்டி. நாளை சாயங்காலம் படகு விடுவார்களாம். அக்கரை போய், இன்னொரு கப்பல் ஏறி, லொஃபோட்டனில் ஒரு தீவுக்குப் போகிறோம். வீடு பிடித்துவிட்டாராம். "ஸ்கூல்லயும் பேசியாச்சு. திங்கக்கிழம சேந்துடலாம். இனி நாம ரெண்டு பேர்தான்." ஆசையாகச் சொன்னார்.

படகில் வாஃபிள் அப்பம் சுட்டு விற்கும் ஒட்னி அக்கா துறையிலும் கடை போட்டிருக்கிறார். "என்ன பொண்ணு, நாலு வாஃபிள் தின்னும் மூஞ்சி வெளுத்தே கெடக்கு?" என்றார். காலையில் இதை அவரிடம் கொடுத்து, உனக்கு போனில் வாசிக்கச் சொல்லப் போகிறேன்.

என்ன செய்யட்டும் அம்மா?

தோருன்


வாஃபிள் தாளில், வெள்ளி காலை

என் தங்கமே,

போனில் சொல்வது நான், எழுதுவது ஒட்னி. முதல் கடிதம் நேற்று வந்தது. காவல் அதிகாரியிடம் ஓடினேன். "அப்பன் பொண்ணக் கூட்டிட்டு ஊர் சுத்துறான், இதுல நான் என்னம்மா பண்றது?" என்றார். நானே ரயில் ஏறுகிறேன்.

கவனமாகக் கேள். கரை தெரிந்ததும் அப்பா கீழே போவார். நீ கழிவறைக்கு என்று சொல்லிவிட்டு ஒட்னியின் சமையலறைக்குள் போய்விடு. அவர் கத்தினாலும் வராதே. பின்னால் நாலு ஹார்ன் அடித்தால் உன் அப்பா வண்டியை இறக்கிவிடுவார். நீ பிறந்த அன்று நான் வலியில் துடித்தபோதுகூட, படகு வரிசையில் ஒருவரையும் முந்தாமல் நின்ற மனிதர் அவர்.

வண்டிகளை இறக்கியதும் படகு இக்கரைக்கே திரும்பிவிடும். அதுதான் கடைசிப் படகு, அவரால் இன்று பின்னால் வர முடியாது. நான் இக்கரையில் நிற்பேன்.

அம்மா

பி.கு. இது நான் எழுதுறது, ஒட்னி. பயப்படாத பொண்ணு. என் கதவுல உள்ளேயும் கைப்பிடி இருக்கு.


ஸ்டெய்ன்சேர், அம்மா வீடு
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பா,

இதையும் போர்வைக்குள்தான் எழுதுகிறேன். பழகிவிட்டது. அம்மாவுக்குத் தெரியாது.

"தோருன்! வாடி, எல்லாரும் காத்திருக்காங்க!" என்று நீங்கள் கத்தியது சமையலறை வரை கேட்டது. அப்புறம் ஹார்ன்கள். மீன் லாரிக்காரர், "யோவ், எடுய்யா வண்டிய! மீனுக்கு மறுபடியும் உயிர் வந்துடப் போகுது!" என்றார். படகு ஆள், "மொதல்ல எறக்குங்க சார், பொண்ண அப்புறம் தேடலாம்" என்றார். "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்று நீங்கள் எல்லோரிடமும் சொன்னீர்கள்.

அந்த நேரம் முழுக்கக் கதவின் கைப்பிடி என் கையில்தான் இருந்தது. நீங்கள் மன்னிப்புக் கேட்டபோது பாதி திருப்பிவிட்டேன். அதற்குள் வண்டி இறங்கும் சத்தம்.

ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். அப்போதும் வண்டியை யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் துறை நுனிக்கு ஓடிவந்தீர்கள். நடுவில் தண்ணீர் அகன்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினீர்கள். என் கை எழவில்லை.

இனி உங்களை நீதிமன்ற அறையில்தான் பார்க்க முடியும் என்று அம்மா சொல்கிறாள். வருவேன். கதவுப் பக்கம் உட்காருவேன்.

கைப்பிடியைத் திரும்ப மாட்டிவிடுங்கள் அப்பா. நான் ஏறுவேன் என்று சொல்லவில்லை. மாட்டிவிடுங்கள்.

தோருன்