வானம் நீலம் என்று ஒருமனதாக

ஜூன் 9, திங்கள்

இன்று மாலை மூன்று ஐம்பதுக்கு வானத்தின் நிறம் முடிவு செய்யப்பட்டது. நீலம். ஒருமனதாக.

ஆசிரியர் அறையில் ஒன்பது பேர் இருந்தோம். தலைமை ஆசிரியை முன்மொழிந்தார், மூன்றாம் வகுப்பு டீச்சர் வழிமொழிந்தார். இவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அளவுகோல். கையில் எப்போதும் ஒன்று இருக்கும், சமயத்தில் பேச்சிலும். வானம் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. சூரியனுக்குத்தான் இருபது நிமிடம் பிடித்தது. வலது மேல் மூலை என்பதில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் சூரியனுக்குக் கண்ணும் வாயும் இருக்கலாமா? சிரிக்கும் சூரியன் குழந்தைகளுக்கு நம்பிக்கை தரும் என்றார் நான்காம் வகுப்பு டீச்சர். "சிரிச்சா கன்னம் உப்பும். அப்புறம் பதினோரு கதிருக்கு இடம் எங்க இருக்கு?" என்றார் அளவுகோல். கதிர் பதினொன்று என்பது எப்போது முடிவானது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். வெளியே வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தீர்மானம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

ஜூலை 4 அன்று ஓவியக் கண்காட்சி. தலைப்பு ‘என் வீடு’. கல்வி அதிகாரி வருகிறார். வகுப்புக்கு ஒரு கட்டு நீலத் தாள் கொடுத்தார்கள்.

நானும் கை தூக்கினேன். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

என் வீட்டுக்காரர் தையற்காரர். கடையில் மிஞ்சிய துண்டுத்துணிகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கேட்கக் கூடாது. "காகிதத்துல வச்சா முனை போயிடும். அப்புறம் அது கத்தரிக்கோல் இல்ல, இடுக்கி."

இரண்டாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். அட்டையில் துணியையும் தாளையும் ஒட்டி வீடு செய்ய வேண்டும். முதல் கால் மணி நேரம் யாருமே வீடு கட்டவில்லை. பசையை விரலில் தடவி, காயவிட்டு, தோலை உரிப்பது மாதிரி உரித்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட மேலான கைவேலை எதையும் நான் இத்தனை வருடத்தில் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

தினமும் ஒரு ரப்பரைத் தொலைக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். வகுப்பில் அவளுக்கு ரப்பர் என்றே பெயர். அவளுடைய அட்டையில் நீலத் தாள் இல்லை. வானம் இருக்க வேண்டிய இடம் முழுவதும் பழுப்புக் கட்டம் போட்ட துணி.

"வானம் எங்கம்மா?"

"இதுக்குப் பின்னாடி."

"இது என்ன?"

"எதுத்த வீட்டுப் போர்வை டீச்சர். எங்க ஜன்னல்ல அதான் தெரியும். எப்பப் பாத்தாலும் அது காஞ்சுகிட்டே இருக்கும்."

"சூரியன்?"

"அது அவங்க பக்கம்."

ஜூன் 12, வியாழன்

மெருகு.

வெளியாள் யாராவது இந்த நோட்டைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். (யாரும் படிக்கப் போவதில்லை. இருந்தாலும்.) பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு ஆசிரியர்கள் அவர்கள் செய்த படங்களை எடுத்து, கோணலை நிமிர்த்தி, கிழிந்ததை மாற்றி, நேரம் இருந்தால் புதிதாகவே செய்து, கீழே பிள்ளையின் பெயரை எழுதி மாட்டுவார்கள். இதற்கு எங்கள் பள்ளியில் மெருகு போடுவது என்று பெயர். மெருகுக்குப் பிறகு பிள்ளையுடையதாக மிஞ்சுவது பெரும்பாலும் அந்தப் பெயர் மட்டும்தான்.

இதில் நான் கைதேர்ந்தவள். பதினோரு வருடம். ‘சிறந்த சுவர்’ கேடயம் தொடர்ந்து ஏழு முறை இரண்டாம் வகுப்புக்கே வந்திருக்கிறது.

இந்த முறை முப்பத்தொன்றையும் புதிதாகவே செய்தேன். ஜன்னல்களை வீட்டுக்காரர் வெட்டிக் கொடுத்தார், பழைய கத்தரிக்கோலால்.

"எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு ஜன்னல்தானே?"

"ஆமாங்க."

"யூனிஃபார்ம் தைக்கிற மாதிரிதான். சுலபம்."

பிள்ளைகள் செய்தவை குப்பைக்கூடைக்குப் போயின.

ஜூன் 13, வெள்ளி

ஒத்திகைக்காகச் சுவரில் மாட்டினேன். அளவுகோல் வந்து இரண்டு இடங்களில் அளந்து பார்த்துவிட்டு, "கண்ணு பட்டுடும் டீச்சர்" என்றார். அவர் வாயால் இவ்வளவு வருவது பெரிய விஷயம்.

பிள்ளைகளை அவரவர் படத்துக்குக் கீழே போய் நிற்கச் சொன்னேன். யாரும் நகரவில்லை. பிறகு பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். ரப்பர் தன் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து பெயரைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"டீச்சர், பேரு என்னுதுதான். ஆனா என் வீட்டுல வேற யாரோ குடிவந்துட்டாங்க."

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

"என் வீட்டுலயும்!" என்றான் ஒருவன். "காலி பண்ணச் சொல்லுங்க டீச்சர்!" என்றது கடைசி வரிசை.

ரப்பர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப எங்க வீடு எங்க போச்சு?"

"பத்திரமா இருக்கும்மா" என்றேன்.

பத்திரமா? குப்பைக்கூடையிலயா பத்திரம்? ஏழு வயசுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, கொஞ்சம்கூடக் கூசாம, வாய் தானா சொல்லுது — பத்திரமா இருக்குன்னு.

ஜூன் 14, சனி

குப்பையைத் திங்கட்கிழமை காலையில்தான் அள்ளுவார்கள். இன்று பள்ளிக்குப் போனேன்.

காவலாளி சாவியோடு வந்தார். "லீவு நாள்ல வந்திருக்கீங்க. என்னத்தத் தொலைச்சீங்க டீச்சர்?"

"வீட்ட."

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

கூடையைத் தரையில் கவிழ்த்தார். கசங்கியிருந்தன, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, இரண்டில் தேநீர் கொட்டியிருந்தது. ஆனால் எல்லாம் இருந்தன.

கடைக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் மேலே ஒரு துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைத்து, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொடுத்தார். ரப்பருடையது வந்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இது யார் பண்ணது?"

"ஏழு வயசுப் பொண்ணு."

"ரெண்டு துண்டு ஒட்டியிருக்கா, பாத்தியா? சேர்ற இடத்துல கட்டத்தோட கட்டம் பொருந்துது. ஒரு கோடுகூடப் பிசகல. எங்கிட்ட வேலை பாத்த ஆளுங்களுக்கே இது வராது." பிறகு என்னைப் பார்த்து, "நீ இத எங்க போட்டே?" என்று கேட்டார்.

எங்கே என்று அவருக்குத் தெரியும்.

ஜூன் 16, திங்கள்

முப்பத்தொரு பேர் முன்னால் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நான்தான் மாற்றினேன், நான்தான் தூக்கிப் போட்டேன், நான்தான் எடுத்து வந்திருக்கிறேன்.

விசாரணை நடந்தது.

"எங்ககிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல."

"நாங்க பெஞ்சுல கிறுக்கினா மட்டும் திட்டுறீங்க?"

"ஆமா."

"அசிங்கமா இருந்துச்சா டீச்சர்?"

"இல்லம்மா. கோணலா இருந்துச்சு."

"எங்க வீடே கோணல்தான்" என்றாள் ஒருத்தி, சிறிதும் வருத்தமில்லாமல்.

கடைசியில் முன்பல் விழுந்த ஒருவன் என் படங்களைச் சுட்டிக்காட்டித் தீர்ப்புச் சொன்னான். "இதுவும் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா உங்களுக்கு ஒரு வீடுதான் செய்யத் தெரியுது."

என் வேலையைப் பற்றி எவ்வளவோ ஆய்வறிக்கைகள் வந்திருக்கின்றன. இத்தனை சுருக்கமாக எதுவும் வந்ததில்லை.

என்னுடையவற்றைக் கழற்றிவிட்டு அவர்களுடையதை மாட்டினேன்.

ஜூன் 18, புதன்

தலைமை ஆசிரியை வந்து சுவருக்கு எதிரே நின்றார். கெட்ட மனிதர் இல்லை. மழைக்காலத்தில் பிள்ளைகளின் ஈரச் செருப்புகளைத் தன் கையால் வரிசையாக அடுக்கி வைப்பவர். அந்த வரிசைதான் அவருடைய ஒரே பலவீனம்.

"என்ன டீச்சர், உங்க சுவர் இப்படி இருக்கு?"

"பிள்ளைங்க சுவர் மேடம்."

"பெத்தவங்க பாத்தா என்ன நினைப்பாங்க?"

"பிள்ளைங்க செஞ்சதுன்னு நினைப்பாங்க."

"விளையாடாதீங்க. வானம் நீலம்னு தீர்மானம் போட்டோம். நீங்களும் கை தூக்கினீங்க."

"இப்ப இறக்கிக்கறேன் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த இடத்துக்கு ஒரு பொறுப்பான ஆள் தேவைப்படுகிறது என்று பொதுவாகச் சொன்னார். "மெருகு போட்டதை மாட்டுங்க. இல்லன்னா உங்க வகுப்ப வேற யாராவது பாத்துக்கட்டும். யோசிங்க."

ஜூன் 19, வியாழன்

யோசித்தேன்.

என்ன யோசிக்கிறது? பதினோரு வருஷமா அந்த அறைதான் எனக்கு. காலையில கதவைத் திறந்தா முப்பத்தொரு வாய் ஒரே நேரத்துல பேசும், அது இல்லாம நான் எப்படி — கிடங்குல பேசுறதுக்கு யாரு இருக்கா, சாக்பீஸா? ஒரு தாள்தானே. ஒட்டிட்டுப் போனா என்ன? யாருக்கு என்ன நஷ்டம்?

அவ கேப்பா. "திரும்பவும் குடிவந்துட்டாங்களா டீச்சர்?"னு கேப்பா.

முடியாது.

ஜூன் 25, புதன்

எழுத்து மூலமாகவே ஆணை வந்துவிட்டது: ‘மெருகு போடப்பட்ட படங்கள் கண்டிப்பாகக் காட்சியில் இடம்பெற வேண்டும்.’

எழுத்தில் வந்த ஆணையை நான் ஒருநாளும் மீறியதில்லை. என்னுடைய முப்பத்தொன்றையும் மறுபடி மாட்டினேன், மேல் வரிசையில், அதிகாரியின் கண்மட்டத்துக்கு. பிள்ளைகளுடையதை எடுக்கச் சொல்லி ஆணையில் ஒரு வரியும் இல்லை. அவை கீழ் வரிசையில், அவர்களுடைய கண்மட்டத்துக்கு.

யார் செய்தது என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்பது பழைய விதி. மேல் வரிசைக்கான சீட்டுகளை என் கையாலேயே எழுதினேன்:

செய்தவர்: வகுப்பு டீச்சர். வயது: 44. வகுப்பு: இரண்டு.

ஜூலை 3, வியாழன்

நாளைக்கு. சேலையை இஸ்திரி போட்டாயிற்று. வீட்டுக்காரர் கடையை அரை நாள் மூடிவிட்டு வருவாராம், போர்வையைச் சுவரில் பார்க்க வேண்டுமாம்.

ஜூலை 4, வெள்ளி

அதிகாரி மேல் வரிசையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது சீட்டில் தலை நின்றது.

"யாரு இந்த நாப்பத்திநாலு வயசுப் பிள்ளை?"

"நான்தான் சார்."

"ரெண்டாம் வகுப்பா?"

"பதினோரு வருஷமா சார்."

தலைமை ஆசிரியை இருமினார். அதிகாரி குனிந்து கீழ் வரிசையைப் பார்த்தார். அங்கே வெகுநேரம் குனிந்தபடி இருந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டதா, படம் பிடித்துப்போனதா என்று சொல்ல முடியவில்லை. நிமிர்ந்து மூன்றாம் வகுப்புக்குப் போனார். அங்கே இருபத்தெட்டு நீல வானம், இருபத்தெட்டு சூரியன், கதிர் பதினொன்று.

"நீயே செஞ்சியாப்பா?" என்று ஒரு பையனைக் கேட்டார்.

பையன் அளவுகோலைப் பார்த்தான். "பேரு நான் எழுதினேன் சார்."

பின்னாலேயே ஒரு அப்பா தன் மகளிடம், "எதும்மா உன்னுது?" என்றார். அவள், "டீச்சர்கிட்ட கேளுங்கப்பா" என்றாள். அளவுகோலுக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு படமாகக் குனிந்து பெயரைப் படித்துக்கொண்டே போனார். இருபதாவது படத்திலோ என்னவோ கிடைத்தது. அந்த நேரம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ரப்பரின் அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். பெயரைப் படிக்கவே இல்லை. துணியை விரலால் தொட்டார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அடியே, இது அந்தக்கா போர்வைடி!"

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "கட்டம் பொருந்தியிருக்கு பாத்தீங்களா?" என்று அவரிடம் விளக்க ஆரம்பித்துவிட்டார். இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

கேடயம் நான்காம் வகுப்புக்கு.

ஜூலை 7, திங்கள்

ஆணை வந்தது. நாளை முதல் எனக்குக் கிடங்கு. இரண்டாம் வகுப்பைத் தலைமை ஆசிரியையே பார்த்துக்கொள்கிறார்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா இந்த ஆணைய மாத்தியிருப்பேன்" என்றார் சாவியைக் கொடுக்கும்போது.

"என்ன வார்த்தை மேடம்?"

சாவிப் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன், அது கேட்க வேண்டிய இடம். இது இல்லை.

வகுப்பைப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

கிடங்கில் ஒரே ஒரு ஜன்னல். நேர் எதிரே சுவர்.

பிள்ளைகளுக்குப் பொருள் தொலைந்தால் கிடங்குக்கு வந்துதான் வாங்க வேண்டும் என்பது விதி. ரப்பர் இன்றும் வந்தாள். ஆறு பள்ளி நாட்களில் இது ஆறாவது.

"எப்படிம்மா தினமும் தொலையுது?"

"முன்னாடி தானா தொலையும் டீச்சர்" என்றாள். புது ரப்பரை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

ஜூலை 17, வியாழன்

அடுத்த கண்காட்சி ஆகஸ்டில். தலைப்பு ‘என் தெரு’. பழைய தீர்மானம் அப்படியே நீடிக்கும் என்று சுற்றறிக்கை. ஐந்து வகுப்புகளுக்கும் தலா ஒரு கட்டு நீலத் தாளை என் கையாலேயே கொடுத்தேன். வேலை வேலைதான்.

ஜூலை 22, செவ்வாய்

மதிய இடைவேளையில் அளவுகோல் வந்தார். கையில் அளவுகோல் இல்லை, நீலத் தாள் கட்டு இருந்தது. மேசையில் வைத்தார்.

"இது வேணாம் டீச்சர். நீங்களே வச்சுக்கங்க."

"வேற என்ன வேணும்?"

கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் கடையில துண்டுத்துணி கிடைக்குமா? இருபத்தெட்டு பேரு."

"கிடைக்கும்."

"கத்தரிக்கோல்?"

"அது மட்டும் கிடைக்காது."

போய்விட்டார். தாள் கட்டின் கயிறு அவிழ்க்கப்படவில்லை. மேல் அலமாரியில் வைத்தேன்.