பன்னிரண்டு துண்டுக் கடல்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து உறைமழை. பஸ் இருபது நிமிடம் பிந்தி. பல் கட்டும் லாப்பில் ஒன்பது பல் செட். ஒன்று திரும்பி வந்தது, கடி சரியில்லையாம். கடி சரி, ஆளின் தாடைதான் கோணல்.

வீட்டில் ஆறு கடல் முடிந்தது. மற்ற ஆறும் பாதியில் நிற்கிறது. ஒவ்வொன்றும் கைபேசியில் பாதி அளவுப் பலகை. அதன்மேல் கசக்கிய டிசு, பசை, நிறம், கடைசியில் கண்ணாடிபோலக் காயும் ஜெல். நடுவில் விரல் நீளப் போர்க்கப்பல் ஒன்று ஒட்ட இடம் விட்டிருக்கிறேன். கப்பலை நகர்த்தினால் கடலும் கூடவே நகரும். கப்பல் என் வேலை இல்லை. அது ஜில்லின் வேலை. லாப்பில் பக்கத்து மேசை, கப்பல் விளையாட்டுக் கழகத்தின் தலைவன். போன வருடம் நான் மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்குவதைப் பார்த்துவிட்டுத்தான், "அலை செய்வாயா?" என்று கேட்டான். அன்று பிடித்த பைத்தியம்.

14ஆம் திகதி கண்காட்சி. மேசையில் கப்பல்களை நகர்த்திச் சண்டை. சனம் சுற்றிநின்று பார்க்கும். என் கடலையும் பார்க்கும்.

வாங்க: டிசு, பால், வெள்ளை நிறம், இவருக்குச் சளி மருந்து.

மார்ச் 5, வியாழன்

வெயில், ஆனால் பொய் வெயில். மைனஸ் பதினொன்று.

முடிந்த கடல்களை லாப்புக்குக் கொண்டுபோனேன். ஜில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தான். அழகு என்றான். பிறகு, "நோன்", சரிவராது என்றான். பச்சை கூடிவிட்டதாம். அலை குட்டை குட்டையாம். அடியில் மண் தெரிகிறதாம்.

"இந்தத் தண்ணீரில் என் பெரிய கப்பல் எல்லாம் தரைதட்டிவிடும். மேலே கருநீலம் அடித்துவிடு. இல்லாவிட்டால் நீலத் துணி விரித்துச் சமாளிக்கிறேன்."

துணியாம்! மூன்று மாத வேலைக்கு ஈடு ஒரு துணி. "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினேன். பின்னேரம் கோப்பி கொண்டுவந்து வைத்தான், குடிக்கவில்லை.

மார்ச் 7, சனி

பேப்பர் துண்டில் கருநீலம் அடித்துப் பார்த்தேன். ஜில் சொன்னது சரி. எரிச்சலாக இருக்கிறது, ஆனால் சரி. நான் பார்த்த கடலெல்லாம் இடுப்பளவில் நின்றால் கால்விரல் தெரியும் கடல். ஆழக்கடலை விமானத்திலிருந்துதான் கடந்தேன். அதுவும் முழுக்க முகில்.

தெரிந்ததைத்தானே கை செய்யும்.

ஆனாலும் மேலே நிறம் அடிக்க மனம் வரவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன். இவர் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டிட்டுச் செய்யுமன்" என்றார். சாப்பிட்டேன். புட்டு, நேற்றைய மீன்குழம்பு. கோபத்தில் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

கோடை நேரம் தொடங்கிவிட்டது, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினோம். நாள் முழுக்கத் தலையிடி.

மச்சாள், இவரின் அக்கா, டொலார்ட் பக்கத்துக் கோயிலுக்குப் போய்விட்டு வடையோடு வந்தார். சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு கடல். மாதிரிக்கு ஜில் தந்த பெரிய கப்பல் ஒன்று, நாலு பீரங்கியோடு.

"உதென்ன?"

சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"ஊரிலை நேவிக்காரங்கட கப்பல் குண்டடிக்க அடிக்கப் பங்கர்க் குழிக்குள்ளை கிடந்தனாங்கள். இப்ப நீ உதுக்குக் கடல் செய்து குடுக்கிறாய் என்ன?"

"நானும் அதே பங்கருக்குள்ளைதான் மச்சாள் கிடந்தனான். உங்களுக்குப் பக்கத்திலை."

"அப்ப வெக்கமா இல்லையே? தூக்கி எறி. உது இருக்கிற வரைக்கும் நான் இந்த வீட்டுக்கு வரமாட்டன்."

வடையை வைத்துவிட்டுப் போய்விட்டார். இவர் வாசல் வரை பின்னால் போய்த் திரும்பி வந்தார். அழுதேன், பொய் சொல்லவில்லை. எத்தனை வருடம் எங்கள் ஊர்க் கடலில் கால் வைக்க விடாமல் கம்பி போட்டு வைத்திருந்தார்கள். கப்பல் அவர்களுடையது. கடலுமா?

எறியமாட்டேன். நீலமும் அடிக்கமாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

ஜில்லிடம் போய் நின்றேன். பிரெஞ்சில் கோபப்படுவது எனக்கு வராது, இன்று வந்தது.

"கடலை மாற்றமாட்டேன். நீ சண்டையை மாற்று."

முழித்தான். விளக்கினேன். ஆழக்கடல் வேண்டாம். கரைக்கடல். பெரிய கப்பல் ஒன்று, சின்னப் படகுகள் பதினொன்று. பெரிய கப்பல் கரைக்கு வர ஆசைப்பட்டால் வரட்டும், தரைதட்டினால் தட்டட்டும். மணல்திட்டு நான் செய்து தருகிறேன்.

மத்தியானம் சான்ட்விச் சுற்றின பேப்பரில் ஏதோ கிறுக்கிக்கொண்டு வந்தான். தரைதட்டுவதற்கு விதிமுறை! அதில் அவனுக்குக் குழந்தைச் சந்தோஷம். கோப்பி கொண்டுவந்தான். குடித்தேன்.

மார்ச் 11, புதன்

மணல்திட்டு நாலு. பல் அச்சு எடுக்கும் சாந்து, மேலே அரித்த மண். ஓரத்தில் நுரைக்குப் பஞ்சு, மெழுகுக் கத்தியால் இழுத்தது. பெருவிரலில் பசை, உரியுதில்லை.

மச்சாள் போன் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை.

மார்ச் 14, சனி

பனி கொட்டு கொட்டென்று. எங்கள் கார் கிளம்பவில்லை. இந்தப் பெட்டிகளோடு மெட்ரோவில் போனால் கடல் சட்னி. எனக்குத் தெரியாமல் இவர் அக்காவுக்குப் போன் அடித்திருக்கிறார். மச்சாள் காரோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இறக்கிவிட்டிட்டுப் போயிடுவன்."

போகவில்லை. வெளியே பனி, தெருவெல்லாம் அடைப்பு. கோட்டோடு, கைப்பையோடு, மண்டபத்துக்குள் மேசைக்கு நாலடி தள்ளி நின்றார்.

சனம் குனிந்து குனிந்து என் கடலைப் பார்த்தது. ஒரு கிழவி தண்ணீரென்று நினைத்து விரலால் தொட்டாள். ஜில்தான் பெரிய கப்பல். அவசரக்காரன். மூன்றாவது முறை நகர்த்தும்போதே என் திட்டில் ஏறிவிட்டான்.

மச்சாள் நாலடியும் நடந்து வந்துவிட்டார்.

"என்னவாம்?"

"தரைதட்டிட்டுது மச்சாள். தாயக்கட்டையிலை ஆறு விழுந்தால்தான் வெளியிலை வரலாம்."

ஜில் உருட்டினான். இரண்டு. படகுகள் சுற்றி நெருங்கின. மறுபடி உருட்டினான். மூன்று.

மச்சாள் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"இன்னொருக்கா எறியச் சொல்லு. நான் நிண்டு பாக்கிறன்."