பச்சைத் துணி சாய்ந்த பக்கம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, மற்றதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மண்டல விளையாட்டுப் போட்டியில் உன் தம்பி தோற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள். ஸ்னூக்கர் அரையிறுதி, கடைசி ஆட்டம், கறுப்புப் பந்து ஒன்றுதான் பாக்கி. நடுக் குழியைப் பார்த்து மெதுவாகத் தட்டினான். நேராகத்தான் போனது, கடைசியில் விரல் அகலம் ஒதுங்கி, குழியின் விளிம்பில் இடித்து நின்றுவிட்டது. எதிராளி வந்து சுலபமாகப் போட்டான். பயிற்சியாளர், "கை நடுங்கிருச்சு, பெரிய இடத்துக்கு இவனுக்கு நெஞ்சு பத்தல" என்றார். உன் மாமா வேறு சாப்பிடும்போது, "பளு தூக்குறவன் தவற விட்டா சத்தமாவது கேக்கும், நீ விட்டது பக்கத்து சீட்டுக்கே கேக்கலடா" என்று சிரித்தார். தம்பி பாதிச் சோற்றோடு எழுந்து போனான். மறுநாள் ஸ்னூக்கர் கோலைப் பரணில் போட்டுவிட்டு நம் துணிக்கடைக்கு வந்து உட்கார்ந்தவன்தான், மூன்று வாரமாகிறது.

அவன் கை நடுங்கவில்லை மகளே. நம் மாடியறை மேசைக்குத் துணி போட்டது நான். வெல்வெட்டைப் போல அந்தப் பச்சைத் துணிக்கும் ரோமம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், மெதுவாக உருளும் பந்தை அந்தப் பக்கம் இழுக்கும். நான் வாங்கிவந்த துண்டில் ஒரு முனையில் எண்ணெய்க் கறை. நல்ல முனை வாசல் பக்கம் தெரியட்டும் என்று திருப்பி விரித்தேன், கடைப் புத்தி. மேசையைப் பொருத்த வந்தவர், "அண்ணே, தலைகீழா போடுறீங்க, பந்து மாத்தி ஓடும்" என்று அன்றைக்கே சொன்னார். "துணியைப் பத்தி எனக்கே பாடமா?" என்று வாயை அடைத்தேன். ஆறு வருஷம் பிள்ளை அதில் பழகினான். வெளியே அவன் ஆடிய கிளப்புகளில் துணி தேய்ந்து வழுக்கை, வித்தியாசம் தெரியவில்லை. போட்டியில் புத்தம்புதுத் துணி, சரியான பக்கம் விரித்தது. பந்து ஒதுங்கியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பயிற்சியாளர் பேசும்போது பக்கத்தில் நின்று பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் கடைக்கு வரவேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டேன், உனக்குத் தெரியும். வந்துவிட்டான், தொழிலும் பிடிபடுகிறது. நேற்று ஒரு வெல்வெட் சுருளைத் தடவிவிட்டு, "அப்பா, இது என் பக்கமா சாயுது, சரியா?" என்று கேட்டான். சரி என்றேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மேசையைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். உன் அம்மா, "தூசிக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். இன்னும் எத்தனை நாளைக்கு மூடிவைப்பது? அவன் கைக்குத் தெரிவதற்கு முன்னால் என் வாய் சொல்லவேண்டும். வருகிற ஞாயிறு காலையில் தார்ப்பாயை எடுத்துவிட்டு, அவன் கையைப் பிடித்து அந்தத் துணிமேல் நானே வைக்கப்போகிறேன். கடையை விட்டுப் போகிறேன் என்றால் போகட்டும், வீட்டை விட்டே போகிறேன் என்றால் உன்னிடம்தான் வருவான். காரணம் கேட்காமல் சோறு போடு, எனக்காக ஒரு வார்த்தையும் பரிந்து பேசாதே.

குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளையை வெயிலில் அலையவேண்டாம் என்று சொல். நீங்கள் மூவரும் குறையில்லாமல் இருக்கவேண்டும். ஞாயிறு சாயங்காலம் போன் பண்ண மறக்காதே. என்னிடம் வேண்டாம், அவனிடம் பேசு.

உன் அப்பா