பைப் ரோட்டில் செம்மண்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. யூனிஃபார்ம் காயவில்லை, இஸ்திரி போட்டே காய வைத்தேன். பள்ளி முழுக்க என்மேல் ஈரத்துணி வாசனை.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கிராவல் சைக்கிள் பந்தயம். எண்ணூரில் தொடங்கி அத்திப்பட்டு வரை போய்த் திரும்ப வேண்டும். இரண்டு சுற்று. முதல் மூன்று பேருக்கு மட்டும் கோயம்புத்தூரில் பயிற்சி முகாம், அங்கே ஓட்ட நல்ல சைக்கிளும் உண்டு. கவிதா (இனி க.) அந்த மூன்றில் வர வேண்டும். வந்தே ஆக வேண்டும். இப்போது ஓட்டுவது அவள் அண்ணனின் கியர் சைக்கிள். அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சைக்கிளும் அவனோடு போகிறது.

நான் ஓட்டவில்லை. தெருமுனை வரை மிதித்தாலே எனக்கு மூச்சு வாங்கும். என் வேலை பச்சைக்கொடி, அம்புக்குறி அட்டை. ஆனால் பந்தயம் நடத்தும் ராதிகா மேடம் எங்கள் பள்ளிக்கு வந்து கேட்டபோது இந்தப் பாதையைச் சொன்னது க.வும் நானும்தான். அதனால் பாதி எங்கள் பாதை.

நல்ல கிராவல் பாதை எது? நூலகக் கம்ப்யூட்டரில் படித்ததும் க. சொன்னதும்:

– தார் கொஞ்சம் இருக்கலாம். தாரே எல்லாமாகக் கூடாது.
– மலைப்பாதை மாதிரி குதித்து இறங்கும் இடம் தேவையில்லை. அது வேறு பந்தயம்.
– ஒரே மாதிரிக் கல் நெடுக வந்தால் சலிப்பு. தரை மாற வேண்டும். எங்களிடம்: லாரி உடைத்த தார், தண்டவாள ஓரத்து ஜல்லி, கிளிஞ்சல் மணல், உப்பள வரப்பு, கடைசியில் பைப் ரோடு.
– கால் மட்டும் போதாது. கண்ணும் ஓட்ட வேண்டும். (என் சொந்த வாக்கியம். பிடித்திருக்கிறது.)

பைப் ரோடுதான் உயிர். அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்களை ஒட்டியே போகும். பழைய ஜல்லி, சாம்பல், கிளிஞ்சல் எல்லாம் இறுகிக் கிடக்கும். புதிதாக வருகிறவர்களைத் தூக்கித் தூக்கிப் போடும். க. விடிந்ததும் முகத்துவாரக்குப்பத்திலிருந்து அத்திப்பட்டுக்கு அவள் அம்மாவின் இறால் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு அதில்தான் போகிறாள். எப்படி விழாமல் போகிறாய் என்று கேட்டேன்.

"பெட்டில ஐஸ் குலுங்கக்கூடாதுடி. அது குலுங்கிச்சி, எங்கம்மா என்னைப் புடிச்சி குலுக்கிடும்."

மாலையில் அப்பாவின் மொத்தக் கடையில் (காலடிப்பேட்டை, மிளகாய், புளி, பருப்பு) உட்கார்ந்திருந்தேன். பூபதி அண்ணன் வந்தார். எங்கள் பக்கத்துச் சாலை வேலைகளை எடுத்துச் செய்பவர், சொந்த லாரி வைத்திருக்கிறார். பந்தயத்துக்கு முன்னால் யாராவது பைப் ரோட்டில் தார் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு ஒரே பயம். அவரிடமே சொன்னேன்: "அண்ணே, ஞாயித்துக்கிழமை நம்ம பக்கம் கிராவல் ரேஸ். பைப் ரோடு கிராவல் ரோடாவே இருக்கணும்ணே. பாத்துக்குங்க."

"கிராவல் ரோடா? அவ்ளோதான? வுடு பாப்பா. நான் பாத்துக்கறேன்."

நிம்மதி. வெள்ளைப்பூண்டு மூட்டை வந்து இறங்கியது. தும்மல்.

நவம்பர் 12, புதன்

நல்ல வெயில். தமிழ்த் தேர்வு சுமார். மதியம் எலுமிச்சை சாதம்.

பள்ளி விட்டதும் க. கேட்டில் நின்றாள். "ஏறு" என்றாள். பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் அவள் முதுகைத்தான் பார்த்தேன், சட்டை ஒட்டிப்போயிருந்தது.

பைப் ரோடு இல்லை.

சிவப்பாக வேறு ஏதோ ஒன்று. கல்யாண மண்டபத்து வாசலில் கம்பளம் விரித்த மாதிரி, வழவழவென்று. ஒரு கல் தெரியவில்லை. பூபதி அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, ஷோக்கா கீதா? செங்கல்பட்டு சரக்கு. இறக்கி, ரோலரும் வுட்டாச்சி. நம்ம ஏரியா பொண்ணு ஓட்டுது, சும்மா வுட்ருவனா?"

"அண்ணே, இது..."

"கிராவல்தான கேட்ட?"

அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவர் போனதும் க. சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அந்தக் கல்லு ஒண்ணொண்ணும் எனக்குத் தெரியும். மீதி எல்லாரும் அதுல தடுமாறுவாளுங்க, நான் போயிடுவேன். அது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்திச்சி. இப்ப எவ வேணா போலாம்." பிறகு, "டிக்சனரிடி நீ. ஒரு வார்த்தை ஒழுங்கா சொல்லத் தெர்ல."

என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. ஷேர் ஆட்டோவில் வந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "ஏட்டி, கிராவல்னா செம்மண்ணுல்லா? தெக்க நம்ம ஊர்ல கல்லறைத் தோட்டத்துப் பாதைக்கு அதத்தான அடிப்பாவ. நீ என்னத்தப் படிச்ச?"

அகராதியில் 'சரளை' என்று இருக்கிறது. சரளை என்று இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ரோடு போடுகிறவர்களுக்குக் கிராவல் என்றால் செம்மண். அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. கடையில் மூட்டை தூக்கும் அண்ணன்கூடச் சிரித்தார்.

சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

விடிய விடிய மழை. பள்ளி உண்டு. குடைக்கம்பி ஒன்று போயிற்று.

க. இடம் மாற்றி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். நான் பார்த்தால் பார்க்கவில்லை. கணக்கு வகுப்பில் பென்சில் அவள் பக்கம் உருண்டது. காலால் தள்ளிவிட்டாள், திருப்பி என் பக்கமே. பரவாயில்லை, மிதிக்கவில்லை.

மாலையில் தனியாகப் போய்ப் பார்த்தேன். செம்மண் கரைந்து களி. செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே வந்தது.

பூபதி அண்ணனைத் தேடிப் போனேன். டீக்கடையில் இருந்தார். மண்ணை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது.

"ஆசையா போட்டேன் பாப்பா."

"தெரியும்ணே. தப்பு எம்மேலதான். நான் சொன்னது கல்லு."

"கல்லா? கல்லு கெடக்கற எடத்துலயா ரேஸு வுடுவாங்க? கல்ல மூடத்தான ரோடு போடறோம்?" பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தியா மாமு, சைக்கிளு ஓட்றதுக்குக் கல்லு வோணுமாம்." எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "இப்ப லாரி உள்ள எறங்காதும்மா. எறங்கினா அந்த லாரிய எடுக்க இன்னொரு லாரி வோணும்."

எனக்கு டீ சொன்னார். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. குடித்தேன். ரொம்ப இனிப்பு.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். ஆளுக்கொரு சாக்லேட், நீண்ட பேச்சு. தூறல்.

க.வின் சைக்கிள் மதியமே ஸ்டாண்டில் இல்லை. எங்கே போயிருப்பாள் என்று தெரியும். பள்ளி முடிந்து போனேன்.

குழாயை ஒட்டியே போய்க்கொண்டிருந்தாள். மெதுவாக, முழங்கை குழாயில் உரசுகிற அளவுக்கு. நடுவில் சேறு, அவள் சக்கரத்தில் சேறு இல்லை! கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. லாரியாலும் ரோலராலும் குழாய் வரை நெருங்க முடியவில்லை. ஓரத்தில் ஒரு கை அகலம் பழைய ஜல்லி அப்படியே கிடக்கிறது. மேலே செஞ்சேறு தெறித்திருப்பதால் தூரத்திலிருந்து தெரியவில்லை.

என்னைப் பார்த்துவிட்டாள். நின்றாள்.

"யாராண்டயாவது சொன்ன, அவ்ளோதான்."

இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசியது இவ்வளவுதான். ஆனாலும் பேசினாள்.

நவம்பர் 15, சனி

மழை விட்டிருக்கிறது. காற்று மட்டும். அம்மா வடகம் காய வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி எடுத்தாள்.

ராதிகா மேடம் பாதை பார்க்க வந்தார். அம்பு அட்டைகளைச் சுமந்துகொண்டு நான். க.வும் இன்னும் சில வீராங்கனைகளும் தண்டவாளப் பக்கம் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சரி, சரி என்று வந்த மேடம் பைப் ரோட்டில் சைக்கிளை இறக்கினார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. சக்கரத்துக்கும் அதைக் கவ்விய ஃபோர்க்குக்கும் நடுவில் மண் அப்பி, சக்கரம் சுற்றவே இல்லை. இறங்கி நின்றார்.

"இதுவா நீ சொன்ன ரோடு?"

நடந்ததைச் சொன்னேன். கிராவல், செம்மண், பூபதி அண்ணன், எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்போ இந்த இடத்தைக் கட் பண்ணிட வேண்டியதுதான். தார் ரோடு வழியா சுத்தி விட்டுடலாம்."

தார் என்றால் மெல்லிய டயர் சைக்கிள்காரர்கள் பறந்துவிடுவார்கள். க. அவ்வளவுதான். ஓட்ட ஓரம் இருக்கிறது என்று காட்டினால் ரோடு பந்தயத்தில் நிற்கும், ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்போதும் க. அவ்வளவுதான். அட்டைகளைக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"ஓட்ட முடியும் மேடம்" என்றேன். "எங்கேன்னுதான் தேடணும்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"காட்டு."

"நான் காட்டிட்டா எல்லாருக்கும் காட்டணும் மேடம். அப்புறம் அது தார் ரோடு மாதிரிதானே?"

மேடம் அந்தச் சேற்றைப் பார்த்தார். குழாய் பக்கம் அவர் கண் போனது. கண்டுபிடித்தாரா தெரியாது.

"சரி. இருக்கட்டும். முடிஞ்சவங்க ஓட்டட்டும், முடியாதவங்க தூக்கிட்டு நடக்கட்டும். ரூல்ல தூக்கலாம். நீ நாளைக்கு இங்கயே நில்லு. ஆனா வாயைத் திறக்கக் கூடாது. யார்கிட்டயும்."

தலையாட்டினேன். க.விடம் போய்ச் சொல்ல ஆசை. சொல்லவில்லை. அவளும் வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. காலை ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. அப்பாவிடம் முன்பே அனுமதி வாங்கியாயிற்று ("பிரசங்கத்த விட்டுட்டுச் சேத்துல நிக்கப் போறியா, போ").

என் இடத்திலிருந்து பைப் ரோடு முழுவதும் தெரியும். அது முடிந்ததும் வாய்க்கால் மேல் சின்னப் பாலமாக ஒரு கல்வெர்ட், அதைத் தாண்டி முடிவுக்கோடு. பார்க்க வந்தவர்கள் கல்வெர்ட் மேல். பூபதி அண்ணனும் வந்திருந்தார். சேற்றைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

முதல் சுற்று. முதலில் வந்தவள் ஆரஞ்சு ஹெல்மெட், நேராக நடுவில் இறங்கினாள். நின்றுவிட்டாள். அடுத்தவளும். அடுத்து க. வேகத்தைக் குறைக்கவே இல்லை. குழாய் ஓரத்தில் திரும்பி, அந்த ஒரு கை அகலத்தில், ஒரு கோடு இழுத்த மாதிரி. என்னைத் தாண்டும்போது பார்க்கவில்லை. நான் கொடியை வாயில் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது.

க. முதலில்! கல்வெர்ட்டில் விசில். ஆனால் சேற்றில் நின்ற இரண்டு பேரும் அவள் போன இடத்தையே பார்த்தார்கள். இறங்கி, தூக்கி, ஓரத்துக்கு வந்தார்கள். அடுத்து வந்தவர்களும் நேராக ஓரத்துக்கு. பழைய ஜல்லியில் யார் போனாலும் தடம் விழாது. செம்மண்ணில் அவள் திரும்பிய இடம் பளிச்சென்று தெரிந்தது.

பிறகு காத்திருப்பு. அதைப் பற்றி எழுத முடியவில்லை. ஒரு நாய் வந்தது, போனது.

இரண்டாம் சுற்று. ஆரஞ்சு ஹெல்மெட் தனியாக வந்து, ஓரத்தில் ஏறி, போயே விட்டாள். அடுத்து மூன்று பேர், ஒட்டி ஒட்டி. க. அதில் இல்லை. ஐந்தாவதாக வந்தாள். கையெல்லாம் கிரீஸ், கன்னத்திலும். ஜல்லியில் செயின் கழன்றிருக்கிறது.

ஓரத்தில் மூன்று பேரும் ரயில்பெட்டி மாதிரி. முன்னால் போகிறவள் தடுமாறுகிறாள், பின்னால் இருப்பவர்கள் அவளுக்காக நிற்கிறார்கள். ஒருத்தி போகத்தான் இடம். க. அவர்கள் பின்னால் வந்து நின்றாள். அவள் கோட்டில் அவளே வரிசையில்.

அப்போது என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கக் கூடாது. கொடியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கினாள். சைக்கிளைத் தூக்கித் தோளில் மாட்டினாள். நடுச்சேற்றில் இறங்கி ஓடினாள்.

ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு காலாகப் பிடுங்கி, தோளிலிருந்து சரிந்த சைக்கிள் சேற்றில் தோய. ஒரு ஷூ உள்ளேயே போனது, திரும்பிப் பார்க்கவில்லை. கல்வெர்ட்டில் யாரோ ஒருவர், "இது இன்னா சைக்கிள் ரேஸா, ஓட்டப் பந்தயமா?" பூபதி அண்ணன் அவரைத் தள்ளிவிட்டு, "தூக்கினு வாம்மா! வா! வா!" குரல் உடைந்து. வரிசையில் கடைசியாக இருந்தவளைத் தாண்டினாள். நடுவில் இருந்தவள் பதறி அவளும் இறங்கினாள், சறுக்கி உட்கார்ந்தாள். க. அவளையும் தாண்டினாள்.

கல்வெர்ட் ஏறிச் சைக்கிளைக் கீழே போட்டாள். மிதித்தால் சுற்றவில்லை. செயினில் மண். ஒரு கால் பெடலில், வெறுங்கால் தரையில், தள்ளித் தள்ளிக் கோட்டைத் தாண்டினாள்.

மூன்றாவது.

பின்னால் வந்தவளின் அப்பா சத்தம் போட்டார். மேடம், "தூக்கலாம் சார், ரூல்ல இருக்கு" என்று மூன்று தடவை சொன்னார்.

கடைசிப் பெண் தாண்டும் வரை என் இடத்தை விட்டு நகரக் கூடாது. நகரவில்லை. தாண்டியதும் ஓடினேன். மைக்கில் பெயர் படித்துக்கொண்டிருந்தார்கள், முகாமுக்குப் போகிறவர்கள். மேடை பக்கம் எல்லோரும். க. மட்டும் கல்வெர்ட் சுவர் ஓரம் குந்தி உட்கார்ந்து, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு குச்சியால் ஃபோர்க்கில் இருந்த மண்ணை நோண்டிக்கொண்டிருந்தாள். வெறுங்காலில் ரத்தம்.

"உன்னைத்தாண்டி கூப்பிடுறாங்க" என்றேன்.

"காது கேக்குது. இர்றி. உள்ள ஒரு கல்லு மாட்டிகினு வரமாட்டேங்குது."

நானும் ஒரு குச்சி எடுத்து மறுபக்கத்திலிருந்து நோண்டினேன்.