புது ரெகுலேட்டர் புகைந்த நாள்

கும்மிடிப்பூண்டி,
சனிக்கிழமை காலை

நைனாவுக்கு,

வியாழக்கிழமை நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். உங்களிடமாவது சொல்கிறேன். முட்டிவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

எங்கள் பட்டறைக்கு எழுபது வருடப் பழைய கார் ஒன்று வந்தது. பேட்டரிக்கு ஏறும் கரன்ட் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டர் அதில் சரியில்லை. பழைய மெக்கானிக்கலையே சரிசெய்வதா, புது எலக்ட்ரானிக் போடுவதா என்று பேச்சு வந்தது.

“எலக்ட்ரானிக்கே போடு. பழச யாரு தேய்ச்சிக்கினு ஒக்காந்திருப்பா?” என்றார் சூப்பர்வைசர் ஏகாம்பரம்.

அந்தக் காலத்து வழக்கப்படி, அந்தக் காரில் பேட்டரியின் பாசிட்டிவை பாடியோடு இணைத்திருந்தார்கள். எங்களிடம் இருந்த எலக்ட்ரானிக்கோ நெகட்டிவை இணைத்த வண்டிக்கு மட்டுமானது. எனக்கு அது தெரியும். ஆனால் போன வாரம் வேறொன்றைச் சொன்னதற்கு, “இன்னாம்மா, புக்கு படிச்சிக்கினு வந்தியா?” என்று அவர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். என் வேலை நிரந்தரமாக அவர்தான் எழுதித் தர வேண்டும். பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் மாட்டியதும் புகைந்தது. பயப்படாதீர்கள், விரலில் லேசான சூடுதான். “புது சாமானே பேஜாரு” என்றார் ஏகாம்பரம். பழையதையே, கரி பிடித்த முனைகளைத் தேய்த்து, நான் மாட்டினேன். கார் போய்விட்டது.

அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. கம்பெனி பஸ் வந்துவிட்டது.

நேற்று என் வேலை நிரந்தரமானது. ஏகாம்பரம் சார் எழுதியதை ஆபீசில் காட்டினார்கள்: “எதிர்த்துப் பேசாத பெண்.”

நர்மதா