எனக்குப் பதிலாக ஒருத்தி

2005 மார்ச் 7, திங்கள்
இனி கூடைப்பந்து அணியைப் பார்க்க என்னால் ஏலாது என்று எங்கட பள்ளிக்கூட அதிபர் அன்னப்பூரணி அக்காவிடம் சொல்லிவிட்டேன். சுகாதாரப் பாடம் மட்டும் எடுக்கிறேன், அது போதும். "தலைமைப் பயிற்றுநரை நீங்களே தெரிஞ்சு தாங்க, மங்கை. வேற ஆருக்கு இதில விளக்கம்?" என்றா.
என் இடத்துக்கு நானே ஆள் பிடிக்க வேணும். சரி.

மார்ச் 9
சுனாமிக்குப் பிறகு வகுப்பறைகளில் இருந்த அகதிச் சனம் முகாமுக்குப் போய்விட்டது. அவர்கள் உடுப்புக் காயப்போட்ட கயிறு கூடைக் கம்பத்தில் இன்னும் கிடக்கு.

மார்ச் 18, வெள்ளி
நேர்முகத்துக்கு டவுனிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். நல்ல மனிசன். சுவரில் மாட்டியிருந்த போன வருசத்து அணிப் படத்தில் நடுவில் நிற்கிற உயரமான பிள்ளையைக் காட்டி, "இவ இருந்தாக் காணும், மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுவன். கூப்பிடுவீங்களா?" என்றார்.
விதுர்ஷா. என்ர மகள். மார்கழி இருபத்தாறு காலமை, கடல் வந்த நேரம், கல்லடி வீட்டில் இருந்தவள். நான் கோயிலுக்குப் போயிருந்தேன்.
அந்த மனிசனில் என்ன பிழை? ஆரும் அவருக்குச் சொல்லேல்ல. எழும்பிப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். அதற்குள் அதிபர் சொல்லியிருக்க வேணும் — அவர் கதிரையை விட்டு எழும்பி நின்றார், கண் கலங்கி. பின்னேரமே, தனக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்.

மார்ச் 23
இன்று றஸீனா. காத்தான்குடிப் பிள்ளை, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அணியில் ஆடினவள். படத்தைப் பார்க்கவில்லை. சன்னலால் வெளியே இருந்த எங்கட பிள்ளைகளைப் பார்த்தாள்.
"இவங்க கடைசியா எப்ப ஓடினது, ரீச்சர்?"
"கடல் வந்த அண்டு ஓடினதுதான்." வாயில் வந்துவிட்டது.
அவள் பார்வையைத் திருப்பவில்லை. "அப்ப இப்ப பந்து வேணாம். கொஞ்ச நாள் சும்மா ஓடிப் பிடிச்சு விளையாடட்டும்."
இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஏப்ரல் 4, திங்கள்
பெற்றோர் கூட்டம். அணியில் ஆடுகிற நிருஷாவின் தாய் இலட்சுமிப்பிள்ளை எழும்பி, காத்தான்குடியில் இருந்தா ஆள் எடுக்கிறது, நாளைக்குத் தமிழ்-முஸ்லிம் பிரச்சினை ஒன்று வந்தால் ஆர் பொறுப்பு என்று கேட்டா. கனபேர் தலையாட்டினார்கள். அதிபர் என்னைப் பார்த்தா. எழும்பக் களைப்பாக இருந்தது. இருந்தபடியே சொன்னேன்.
"என்ர பிள்ளை இருந்திருந்தா, அவளையும் றஸீனாவிட்டத்தான் பழக விட்டிருப்பன்."
இலட்சுமிப்பிள்ளை திரும்பக் கதிரையில் இருந்துவிட்டா. இப்பிடிச் சொல்லி வெல்லுறது எனக்கே பிடிக்கேல்ல. ஆனா பொய்யில்லை.

ஏப்ரல் 19
நியமனம் ஆச்சு. இருட்டுமுன் வீட்டுக்குப் போக வேணும் என்பது மட்டும்தான் றஸீனா கேட்டது.

மே 12
திடீர் ஹர்த்தால். பஸ் இல்லை. பயிற்சி முடிந்து கேற்றடியில் நின்றவளை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு காத்தான்குடி வரை போனேன். வழியில் ஆமிக்காரன் மறித்து, இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணும் என்று கேட்டான். நான் யோசிக்குமுன் அவள் சிங்களத்தில் ஏதோ சொன்னாள், விட்டுவிட்டான். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.
அவளுடைய வாப்பா கச்சி முகம்மது றோட்டில் காத்து நின்றார். "இனி இப்பிடி நாளில அவ உங்கட வீட்டில நிக்கட்டும், தங்கச்சி," என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.
பாய் ஒன்று வாங்க வேணும்.

ஓகஸ்ட் 6, சனி
மாவட்டப் போட்டி. கடைசி வரிசையில் இருந்தேன். விதுர்ஷா ஆடின இடத்தில் நிருஷா. உயரம் காணாது, ஆனால் நல்லாக் குதிக்கிறாள். இலட்சுமிப்பிள்ளை சுடுதண்ணிப் போத்தலோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தா. தேத்தண்ணியாம், றஸீனாவுக்கு, காலமையிலிருந்து அந்தப் பிள்ளை ஒன்றும் குடிக்கவில்லையாம்.
இடைவேளையில் எழும்பி வீட்டுக்கு வந்தேன். சும்மா சரிந்தது மட்டும் நினைவிருக்கு. கண் முழிக்கப் பின்னேரம். மார்கழிக்குப் பிறகு இப்பிடி நித்திரை கொண்டதில்லை.
ஆர் வென்றது என்று இன்னும் கேட்கவில்லை.